மியூட் மிஸ்

அந்தப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் ஒரே ஒருத்திதான். பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் மியூட் மிஸ். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வாள். வேறென்ன செய்ய? பெயர் அப்படிப் பொருந்தியிருந்தது.

புதன்கிழமைதோறும் ஏழாம் வகுப்பைக் கடல் கடந்த ஒரு பள்ளியோடு வீடியோவில் இணைப்பது அவள் வேலை. சுவரில் பெரிய டிவி, அதன் தலையில் கேமரா, மேசையில் லேப்டாப். அங்கே ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும், இங்கே ஃபேன் லொடலொடக்கும். பளிச்சென்று இருக்கிற பிள்ளைகள் முன்வரிசையில். சட்டை கிழிந்ததுகள் கேமராவுக்கு எட்டாத ஓரத்தில். கேள்வி பதில் எல்லாம் முந்தின நாளே ஒப்பித்தாகிவிடும். அப்படியும் ஒருநாள் ஒரு பயல், "எங்க பாத்ரூம்ல தண்ணியே வராது" என்று இங்கிலீஷில் உளறிக் கொட்டினான். மிஸ் சட்டென்று லேப்டாப்பில் மியூட்டைத் தட்டி மைக்கை அணைத்தாள். 'நெட்வொர்க் பிராப்ளம்' என்று அந்தப் பக்கத்துக்குத் தட்டிவிட்டாள். தலைமையாசிரியைக்கு ஏக குஷி. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிப்போனது. யாராவது வாய் தவறினால் மிஸ்ஸின் விரல் விழ வேண்டும்.

விரலும் நன்றாகவே பழகிவிட்டது. அவள் இருந்தது அண்ணன் வீட்டில். கல்யாணமாகாத நாத்தனார் என்றால் அண்ணிக்குச் சொல்லவா வேண்டும்! "சம்பளம் கொண்டு வர்றாளேன்னுதான் நான் வாயைப் பொத்திக்கிட்டு இருக்கேன்" என்பாள் அண்ணி. அவள் வாயைப் பொத்தியதை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அந்தச் சம்பளமும் ஒப்பந்தச் சம்பளம். வீடியோ வகுப்பு நின்றால் மிஸ் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் அவள் எதையும் கண்டும் காணாமலும் இருக்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வாயே திறக்கமாட்டாள், அதனால் எல்லோருக்கும் அவள் ஊமை. அம்மா தவறிவிட்டாள். அப்பாவுக்கு அந்தப் பனி நாட்டில்தான் வேலை. வளர்வது பெரியப்பா வீட்டில். பெரியப்பா லேசுப்பட்டவரில்லை. பெற்றோர் சங்கத் தலைவர். சுவரில் தொங்கிய டிவியே அவர் வாங்கிக் கொடுத்தது.

திடீரென்று இந்த ஊமைக்கு இங்கிலீஷ் பைத்தியம் பிடித்தது. மத்தியான இடைவேளையில் வந்து நிற்பாள்.

"மிஸ், பூட்டி வைக்கறதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

"பயமா இருக்குன்னு எப்படிச் சொல்றது மிஸ்?"

மிஸ்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை. சொல்லிக் கொடுத்தாள், உச்சரிப்பைத் திருத்தினாள், "அடடா, நம்ம ஊமையா இது!" என்று கன்னத்தைக் கூடக் கிள்ளினாள். எதற்கடி உனக்கு இந்த வார்த்தைகள் என்று ஒரு தடவை கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஒரு புதன்கிழமை அந்தப் பக்கத்து டீச்சர், பள்ளி விட்டதும் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். முன்வரிசைப் பையன் எழுந்திருக்குமுன் ஊமை எழுந்து விறுவிறுவென்று கேமராவுக்கு நேரே போய் நின்றாள். "எனக்கு வீட்டுக்குப் போகப் பயம்" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

மிஸ்ஸின் விரல் விழுந்துவிட்டது.

அது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. திரையில் இருந்த முகங்களைப் பார்த்துத் திக்கித் திணறிச் சொல்லிக்கொண்டே போனாள். பெரியப்பா பெல்ட்டால் அடிக்கிறார். பாத்ரூமில் பூட்டி வைக்கிறார். அப்பா போன் பண்ணினால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அப்பா உங்கள் நாட்டில்தான் இருக்கிறார், இதுதான் நம்பர், தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள். நம்பரை இரண்டு முறை சொன்னாள். அங்கே பிள்ளைகள் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டினார்கள். அவள் அதைச் சரியென்று சொல்வதாக எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை மிஸ்ஸை வராந்தாவுக்கு இழுத்துப் போனார்.

"நல்ல வேளை, மானத்தைக் காப்பாத்தின."

"மேடம், அந்தப் பொண்ணு சொன்னது..."

"குடும்ப விஷயம்மா. நாம மூக்கை நுழைக்கக் கூடாது. உன் கான்ட்ராக்ட் முடியப்போகுது, ஞாபகம் இருக்குல்ல?"

மிஸ் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் பிள்ளைகள் வாயை யார் மூடுவது? சாயங்காலத்துக்குள் வீடு வீடாகச் செய்தி போய், பெரியப்பா காதையும் எட்டிவிட்டது. மறுநாள் ஊமை வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அடுத்த புதன்கிழமை அந்தப் பக்கத்துப் பிள்ளைகள், போன வாரம் பேசிய பெண் எங்கே, அவள் பேசியது எங்களுக்குக் கேட்கவே இல்லையே என்று விசாரித்தார்கள். காய்ச்சல் என்று தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். மிஸ்ஸுக்கு உட்கார முடியவில்லை. வகுப்பு முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். வேகிற வெயிலில் முழுக்கை சட்டை. ஒரு கண் வீங்கியிருந்தது. உள்ளே பெரியப்பா யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"மிஸ்!" என்று முகம் மலர்ந்து, குரலைத் தாழ்த்தினாள். "அவங்க அப்பாகிட்ட பேசிட்டாங்களா?"

மிஸ் அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"எப்ப வர்றாராம் மிஸ்?"

"இல்லடி கண்ணு... அவங்களுக்குக் கேக்கல. நான் மைக்கை ஆஃப் பண்ணிட்டேன்."

அந்தப் பெண் அழவில்லை. கணக்கில் சந்தேகம் கேட்பவள் போலச் சற்று யோசித்தாள்.

"நம்பர் சொன்னதுமா கேக்கல?"

"எதுவுமே கேக்கல. ஆனா நான் கேட்டேன். எல்லாத்தையும் கேட்டேன்டி."

"நீங்க கேட்டு என்ன மிஸ் ஆச்சு?"

"யாரது வாசல்ல?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரும் இல்ல பெரியப்பா" என்றாள் அவள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு உள்ளே எங்கோ இன்னொரு கதவு படாரென்று மூடியது.

மிஸ் படியிறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள். நாலு வீடு தள்ளி நடந்தும்விட்டாள். அங்கே கால் நின்றுபோனது. திரும்பி ஓடிவந்து அந்தக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். "கதவைத் திற! அந்தப் பொண்ணை வெளிய விடு!" அக்கம்பக்கத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் இறங்கி வரவில்லை. அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.