இரண்டு தடவை வந்த வணக்கம்

தைமி கொக்கோவைப் போலப் பயந்து சாகிற ஒருத்தியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காரில் ஏறி உட்கார்ந்த பிறகு இறங்கிப் போய் சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பாள். அணைத்துத்தான் இருப்பாள். திரும்பி வந்து பெல்ட் போட்டதும் கதவைப் பூட்டினோமா என்று சந்தேகம் வந்துவிடும். அவள் புருஷன் இன்ஜினை ஓடவிட்டு வானொலி கேட்டுக்கொண்டிருப்பான். நல்ல மனுஷன், பழகிப்போயிற்று.

எங்கள் ஊருக்கு வெந்நீர் அனுப்பும் நிலையத்தில் நான் பாய்லர் ஆள். மரச்சில்லுகளை எரித்துச் சூடாக்கிய தண்ணீர் மண்ணுக்கடியில் குழாய் வழியாக வீடு வீடாகப் போகும். அது நின்றால் ஊர் விறைத்துவிடும். வால்வுகளைத் திறந்து மூடுவது மாடியில் இருக்கும் ஒரு சர்வர். அதில் ஓடுவது லினக்ஸ். அது பின்லாந்தில் பிறந்த சரக்கு என்பதால் எங்களுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் இரண்டு பேர். ஒருத்தி தைமி, இன்னொருவன் உர்போ ரௌத்தியோ. பதினோரு வருஷமாக ஒரே அறையில், முதுகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் ஒரு "ம்", சாயங்காலம் ஒரு "ம்". சண்டை என்று நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு ஜலதோஷம் என்றால் அவள் மேஜையில் அவன் சத்தமில்லாமல் கறுப்புத் திராட்சைச் சாறு வைத்துவிட்டுப் போவான். வேலையில் இருப்பவரைப் பேச்சுக் கொடுத்துத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள். நானும் அப்படித்தான், ஆனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

சர்வருக்குள் நுழைந்தால் ஒரு வணக்கம் வரும்: "வா. எதையும் தொடுவதற்கு முன்னால் காப்பி குடி." உர்போ எழுதியது. அதற்குக் கீழே இன்னொரு வரி, கடைசியாக நுழைந்தது யார், எப்போது, எந்தக் கணினியிலிருந்து என்று சொல்லும். தைமி தினமும் அந்த வரியைத்தான் முதலில் படிப்பாள். திருடன் வந்தானா என்று பார்க்கத்தான்.

போன இலையுதிர் காலத்தில், வருஷா வருஷம் செய்வது போல நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிய நாளில் பதிவுகளெல்லாம் முன்பின்னாகத் தெரிந்தன. இவள் திருடன் புகுந்துவிட்டான் என்று நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டாள். வெந்நீர் நின்றுபோய் நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பல் கிட்டி நின்றார்கள். எங்கள் மேலாளர் தௌனோ அன்றைக்கே சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவை வெறும் பயத்துக்குப் பிடுங்கினா, இந்த வேலையத் தெக்கே ஏதாவது கம்பெனிக்குக் கொடுத்துடுவேன். நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

ஜனவரியில் ஒரு காலை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று. விடியும் முன் கரண்ட் ஒரு கணம் போய் வந்ததில் இயந்திரங்களெல்லாம் அணைந்து மறுபடி தொடங்கியிருந்தன. வேலைக்கு வந்த தைமி கீழே எனக்குப் போன் செய்தாள்.

"ரெய்யோ, மேல வா. யாரோ உள்ள இருக்காங்க."

"எந்த உள்ள?"

"சர்வருக்குள்ள. வாயேன்!"

போய்ப் பார்த்தேன். திரையில் வணக்கம் இரண்டு தடவை வந்திருந்தது. அதற்குக் கீழே கடைசியாக நுழைந்தவர் வரியும் இரண்டு. முதல் வரி நேற்று சாயங்காலம் தைமி என்றது. சரிதான். இரண்டாவது வரி இந்த நிமிஷம் என்றது. அதே தைமி பெயரில், அவள் உட்கார்ந்திருந்த அதே கணினியிலிருந்து.

"நீ இப்பதானே உள்ள வந்த? உன்னையே காட்டுதோ என்னவோ," என்றேன்.

"அது எப்பவும் முந்தின தடவையத்தான் காட்டும். இத்தனை வருஷத்துல ஒருநாள் கூட இப்படிக் காட்டினதில்ல." அவள் முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

வெளியே வந்து மறுபடி நுழைந்தாள். மறுபடியும் இரண்டு வணக்கம், மறுபடியும் இந்த நிமிஷம்.

"பாத்தியா? நான் போகும்போதெல்லாம் என் பேர்லயே கூட ஒருத்தன் வர்றான்."

திருடன் என்றால் அவன் கையில் எங்கள் வால்வுகள் இருக்கின்றன. கேபிளைப் பிடுங்கினால் எல்லா வால்வையும் கையால் திருப்ப வேண்டும். ஷிப்டில் இருந்தது நானும் இன்னொருவனும்தான். குழாயின் கடைசியில் இருப்பது ஆஸ்பத்திரி; முதலில் குளிர்வது அதுதான்.

"உர்போவக் கூப்பிடு," என்றேன்.

"லீவுல இருக்கறவனையா?" அடுத்த வீட்டில் கன்னம் வைக்கச் சொன்னது போலப் பார்த்தாள். உர்போ ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்கப் போயிருந்தான்.

போனில் தௌனோவைக் கூப்பிட்டாள். அவன் பதில் எனக்கே கேட்டது. "பிடுங்கறதா வேண்டாமான்னு நீயே முடிவு பண்ணு. ஆனா சரியா பண்ணு." மேலாளர் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், நாசமாய்ப் போக.

தைமியின் கை கேபிளில் இருந்தது. பிடுங்கு என்றோ வேண்டாம் என்றோ நான் எப்படிச் சொல்வது? என்ன சொன்னாலும் பழி அவள் தலையில்தானே விழப்போகிறது.

திடீரென்று கையை எடுத்தாள். "கூடவே வர்றான்னா, நான் எங்க போனாலும் வரணுமில்ல? கீழ உன் மிஷின்லேந்து நுழைஞ்சு பாக்கறேன்."

படிக்கட்டில் அவள் ஓடி நான் பார்த்தது அன்றுதான். பாய்லர் அறையில் என் கணினியில் நுழைந்தாள். வணக்கம் இரண்டு. முதல் வரி மேல்மாடி. இரண்டாவது வரி இந்த நிமிஷம், பாய்லர் அறை.

அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

"நான்தான்," என்றாள். "ரெய்யோ, இது நானேதான். சர்வருக்குள்ள ரெண்டு எடம் ஒரே சேதியச் சொல்லுது. ஒண்ணு என் வரவ எழுதறதுக்கு முன்னாடி சொல்லுது, இன்னொண்ணு எழுதினப்புறம் சொல்லுது." என் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தாள். அடுத்த நொடியே மறுபடி எழுந்துவிட்டாள். "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி அப்டேட் போட்டப்ப வணக்கமும் அந்த வரியும் காணாமப் போச்சு. நான் ஒரு எடத்துல போட்டு வெச்சேன். இன்னொரு எடத்துல போட்டது யாரு?"

பயம் அவளை விட்டு இறங்கிய வேகத்திலேயே திரும்ப ஏறியது. இந்தத் தடவை அவள் யோசிக்கவில்லை, உர்போவைக் கூப்பிட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் காற்று இரைந்தது.

"ம்," என்றான் உர்போ.

"உர்போ, தைமி பேசறேன். மன்னிச்சுக்கோ. வணக்கத்த நீ எங்கயாவது திருப்பிப் போட்டியா?"

தூண்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது. மீன் கடித்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"போட்டேன். காணாமப் போயிருந்துது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"வேலை செஞ்சுது. எதுக்கு உன்னத் தொந்தரவு பண்றதுன்னு..."

தைமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளும் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் மாற்றியது, சர்வர் மறுபடி தொடங்கினால்தான் பலிக்கும் இடம். அதற்குள் அவன் வேறிடத்தில் மாற்ற, அது உடனே பலித்தது. வணக்கம் திரும்பி வந்தது தன் கைவேலைதான் என்று இவள் நினைத்துக்கொண்டாள். இன்று கரண்ட் போய் வந்ததும் இரண்டும் சேர்ந்து பேச ஆரம்பித்துவிட்டன. தௌனோவிடம், "பிடுங்க வேண்டாம்," என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அவனும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை உர்போ திரும்பி வந்தான். "ம்" என்றான், இவளும் "ம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை காப்பிக்காக மாடிக்குப் போயிருந்தேன். முந்தின ராத்திரி மறுபடி தொடங்கியிருந்த சர்வருக்குள் தைமி நுழைந்தாள். திரையில் வணக்கமும் இல்லை, யார் வந்தார் என்ற வரியும் இல்லை. அவள் கை கேபிள் பக்கம் போனது. பாதியில் நின்றது. பிறகு நாற்காலியைத் திருப்பினாள்.

"உர்போ, உன்னோடத எடுத்துட்டியா?"

அவன் முதுகு அசையவில்லை. "நேத்திக்கு எடுத்துட்டேன். உன்னோடது இருக்குமேன்னு."

"நானும் நேத்திக்கு எடுத்துட்டேன். உன்னோடது இருக்குமேன்னு."

எனக்குக் காப்பி புரையேறியது. அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"நீயே போடு," என்றாள் தைமி. "போட்டுட்டு எங்கிட்ட சொல்லு. வாயத் தெறந்து சொல்லு."

உர்போ எதையோ தட்டினான். பிறகு அவனும் நாற்காலியைத் திருப்பினான்.

"போட்டுட்டேன், தைமி."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை. அவள் தலையசைத்துவிட்டு எழுந்து காப்பி எடுக்கப் போனாள். வந்துவிட்டதா என்று திரையைப் பார்க்கவேயில்லை.