இடப்பக்கம் சாய்ந்த கார்

மக்களே, காரில் ஓரத்து இடத்துக்கு நீங்கள் மூன்று பேரும் அடித்துக்கொள்கிறீர்கள். மூத்தவள் பிறப்பதற்கு முந்தி நான் வாடகைக்கு ஓட்டிய காரில் அந்தச் சண்டைக்கு இடமே கிடையாது. யார் எங்கே உட்காருவது என்று நான்தான் சொல்வேன். தடித்த ஆட்கள் வலப்பக்கம், மெலிந்தவர்கள் இடப்பக்கம். அப்படி இருத்தினால்தான் அது ஓரளவு நிமிர்ந்து போகும். இல்லாவிட்டால் இடப்பக்கமாகச் சாய்ந்துவிடும்.

"என்ன ஓய், ஒம்ம காரு வெத்தில துப்ப குனிஞ்சு நிக்குதா?" என்று மார்த்தாண்டம் சந்தையில் கேட்பார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு கோபப்படவும் அலுத்துவிட்டது.

மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டித் தேய்த்த காரைத்தான் நான் வாங்கியிருந்தேன். விடியற்காலையில் இனயத்துக் கடற்கரையிலிருந்து சந்தைக்கு மீன் கொண்டுவருவேன். பகலில் ஆட்களை ஏற்றுவேன். மீன் கடவங்களை, அதாவது ஓலைப்பெட்டிகளை, இடப்பக்கத்து மிதிபலகையில் வரிந்து கட்டுவோம். ஓலைக் கடவம் ஒழுகாமல் இருக்குமா? உப்புத் தண்ணீர் வழியெல்லாம் சொட்டிப் பின்சக்கரத்து வில்லில் விழும். வில் என்றால், வண்டியின் பாரத்தைத் தாங்குவதற்காக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த இரும்புப் பட்டைகள். நுனியில் தடித்த ஆணி போட்டு வண்டியோடு கோத்திருப்பார்கள். அந்தப் பட்டைகள் துருப்பிடித்து இளைத்துக்கொண்டே வந்தன.

கடவம் ஏற்றிவரும் இனயத்து அக்கா அதற்கு ஒரு வழி சொன்னாள். "தம்பி, எங்க வள்ளத்துக்கு என்ன பூசுதோம்? மீனெண்ணெ. ஒம்ம வண்டியும் கடல்தண்ணி குடிக்குற வண்டிதானே? அதுக்கும் பூசும்."

நானும் சனிக்கிழமைதோறும் சிரட்டையில் மீனெண்ணெயை எடுத்து, துணியை முக்கி முக்கிப் பூசினேன். பெண் பார்க்கப் போன ஒருவர் இறங்கும்போது, "மாப்பிள்ளைக்கு மணம் போதும் ஓய், இனி பூ வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் உங்கள் அம்மை உண்டாயிருந்தாள். அதற்கு முந்தி இரண்டு தடவை தங்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "இந்தத் தடவை உடம்பு குலுங்கவே கூடாது. வலி கண்டதும் இங்கே கொண்டுவந்துவிட வேண்டும். பால் நன்றாகக் குடிக்கட்டும்" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையோ பள்ளமும் பாறையுமாகக் கிடந்தது. அவளைக் கொண்டுபோக என்னிடம் இருந்ததும் இந்தக் கார்தான்.

புது வில் வாங்க வேண்டுமானால் பசுவை விற்க வேண்டும். விற்க வேறொன்றும் வீட்டில் இல்லை. பசு போனால் பால் போகும். இதையே நாள் முழுவதும் ஓட்டிக்கொண்டே நினைப்பேன். வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தால் என் முதுகே எனக்குச் சொந்தமாக இருக்காது. நாளைக்குப் பார்ப்போம் என்று தூங்கிவிடுவேன்.

கடைசியில் ஒரு நாள் கொல்லப்பட்டறைக்குக் கொண்டுபோய் வில்லைக் கழற்றினோம். கொல்லர் ஒரு பட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"ஓய், இது வில்லா, அப்பளமா?"

"வேற வழி உண்டா?"

"மாட்டுவண்டிச் சக்கரத்துப் பட்டையில ஒரு துண்டு வெட்டி அடியில குடுக்கேன். ஒம்ம பேரன் காலத்திலயும் ஒடியாது."

"குலுங்குமா?"

"குலுங்காம பின்ன? மாட்டுவண்டி இரும்பு பின்ன தாலாட்டா பாடும்?"

அவர் கரி போடப் போனபோது நான் ஆணியைத் துடைத்தேன். நடுவில் இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி இருந்தது. அதில் ஒட்டியிருந்த கறுத்த பசையை விரலால் தேய்த்தால் நறநறவென்றது. கடற்கரை மணல். நான் வாரம் தவறாமல் பூசிய மீனெண்ணெய் மணலைப் பிடித்து வைத்து, ஓடும்போதெல்லாம் ஆணியை அரைத்திருக்கிறது. யாரை நோவது? அந்த ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அக்காவிடம் சொன்னதற்கு அவள் சிரித்தாள். "வள்ளம் மணல்லயா ஓடுது தம்பி? நீருதானே மணல்ல ஓட்டினீரு!"

நான் மாட்டுவண்டி இரும்பையே போட்டுக்கொண்டேன். பசு வீட்டிலேயே நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மையைக் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். முதல் பள்ளத்தில் கார் தூக்கிப் போட்டது. "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். இறங்கி, வயிற்றை இரு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நான் காரை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டு வாசலில் நின்றுதான் சொன்னாள். "இஞ்ச பாருங்க. பால் இல்லேன்னா கஞ்சி குடிப்பேன். இதுல நான் ஏற மாட்டேன்."

அந்த வாரமே பசுவை அவிழ்த்துக் கொடுத்தேன். திருவனந்தபுரத்துக் கடையில் சொல்லி வைத்து, புது வில்லும் ஆணியும் வந்து சேர்ந்தன. பசு விற்ற பணம் இடப்பக்கத்துக்கு மட்டுந்தான் காணும். மாட்டி இறக்கினோம். புது வில் உயர்ந்து நின்றது, வலப்பக்கத்துப் பழைய வில் தணிந்து நின்றது. கார் இப்போது வலப்பக்கம் சாய்ந்தது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உங்கள் அம்மைதான் வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள். "இந்நா, வெத்தில இப்ப அந்தப் பக்கம் துப்புது!"

மறுநாளிலிருந்து தடித்தவர்களை இடப்பக்கம் மாற்றினேன். கடவங்களுக்கு அடியில் தகரம் அடித்தேன். மீனெண்ணெயைத் தொடவில்லை.

ஆடி மழையில் ஒரு மத்தியானம் வலி கண்டது. அவளைப் பின்னால் இடப்பக்கத்தில் இருத்தி, மெல்ல ஓட்டினேன். பாதித் தூரம் போனதும் கேட்டாள்.

"அந்தப் பெரிய பள்ளம் வரும்போ சொல்லுங்க. கம்பியக் கெட்டியாப் பிடிச்சுக்கிடணும்."

"அது அப்பவே போயாச்சே."

அவள் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மூத்தவளே, மறுநாள் காலையில் உன்னைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். அம்மை தூங்குகிறாள், பிறகு வா என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். மழை விட்டிருந்தது. கார் மரத்தடியில் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. ஓட்டுகிறவன் பின்னால் உட்காருவது கிடையாது. நானும் அதுவரை உட்கார்ந்ததில்லை. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அவள் இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தேன். உடம்பை மெதுவாக எழுப்பி, திரும்ப உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் என்னோடு கொஞ்சம் இறங்கி, சத்தமில்லாமல் ஏறி வந்தது. இன்னொரு தடவையும் அப்படியே செய்து பார்த்தேன்.