கிள்ளானிலிருந்து பேத்தியின் புத்தகத்தைப் பார்க்கப் போனேன்

என் பேத்தி தேன்மொழி கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் எழுதிய ஆராய்ச்சிப் புத்தகம் அங்கேயே வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் போன மாதம் கிளம்பிவிட்டேன். நான் தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தி புத்தகமே போட்டுவிட்டாள், போகாமல் இருப்பேனா?

கிள்ளானில் காலை ஏழரை பஸ். இருபது மைலுக்கு இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட்கூட ஆகவில்லை. ஆனால் ஷா ஆலம் வரை நின்றுகொண்டுதான் போனேன். கால்வலி உள்ளவர்கள் முந்தின பஸ்ஸைப் பிடியுங்கள். கோலாலம்பூரில் இறங்கி, பிரிக்பீல்ட்ஸில் தோசை சாப்பிட்டுவிட்டு டாக்சி எடுத்தேன், நாலு வெள்ளி.

"அங்க யாரு படிக்கிறாங்க ஆன்டி?" என்றார் டிரைவர்.

"படிக்கல தம்பி. என் பேத்தி எழுதியிருக்கா!"

நூலகக் கவுண்டரில் இருந்தவரும் தமிழர்தான். அட்டைகள் அடுக்கிய இழுப்பறையைக் குடைந்தார். "தேன்மொழியா? அப்படி யாரும் இல்ல ஆன்டி."

"இங்க மேல்மாடியில வேலை செய்யுற பொண்ணுப்பா."

"ஓ, மிஸ் முனியாண்டியா!" என்று அட்டையை உருவிக் காட்டி, புத்தகத்தையும் எடுத்து வைத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முனியாண்டி, என் மகளைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டு ஓடியவன். ஒரு டின் பால்மாவு வாங்கித் தந்ததில்லை. பிள்ளையைப் படிக்க வைக்க ஷா ஆலம் தொழிற்சாலையில் கால் வீங்க நின்றவள் என் மகள். புத்தக முதுகில் அவன் பெயர். இழுப்பறை அட்டையிலும் அவன் பெயர்.

தேன்மொழி இறங்கி வந்தாள். "கடைசியில வர்றதுதான் குடும்பப் பேருன்னு பதிப்பகத்துல போட்டுட்டாங்க பாட்டி. வெளிநாட்டு முறையாம். நமக்குக் குடும்பப் பேரு இல்ல, அது அப்பா பேருன்னு எவ்வளவோ சொன்னேன். 'சின்ன விஷயம் லா'ன்னு எங்க லைப்ரரித் தலைவரு சிரிக்கிறாரு."

"உன் பேரு சின்ன விஷயமா?"

"மெதுவா பாட்டி, லைப்ரரி!"

எதற்கு மெதுவாக? கவுண்டர்காரரைப் பிடித்தேன். "ஏன் தம்பி, உங்க அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நீ திரும்புவியா?"

"ரூல் அப்படி ஆன்டி. நான் என்னா செய்ய?"

இத்தனை படித்தவர்கள் வைத்த ரூல்! எழுதியவள் யாரென்று கேட்கக்கூடத் தெரியவில்லை.

அந்த நேரம் போன் அடித்தது. எடுத்தவர் பழக்கதோஷத்தில் கூவினார்: "மிஸ் முனியாண்டி, போன்!"

தேன்மொழி என்னைப் பார்த்தாள். நகரவில்லை. அவர் மறுபடியும் கூவினார்.

"அப்படி யாரும் இல்ல அண்ணே," என்றாள்.

போன் அவர் கையிலேயே இருந்தது. கடைசியில், "தேன்மொழி, போன்," என்றார். போய் வாங்கிக்கொண்டாள்.

இழுப்பறையில் அந்த அட்டை இன்னும் மாறவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒன்பது மணிக்கு மேல் போங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள். தேன்மொழி எழுதிய புத்தகம் என்றே கேளுங்கள். இல்லை என்பார்கள். ஓடிப்போனவன் பெயரை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். நில்லுங்கள், அவர்களே தேடட்டும்.