கோசாவா, ருஷ்யமா

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன மறு வருடம் எங்கள் வீட்டில் இரண்டு மொழிகளுக்குச் சண்டை வந்தது. பிரெஞ்சுக்கும் இங்கிலீஷுக்கும் என்றால் ஊரில் பாதி வீடுகளில் இருந்த சண்டைதான். எங்கள் வீட்டில் ருஷ்யத்துக்கும் கோசாவுக்கும். நாகூர் வரை தேடினாலும் மொழிக்கு ஒரு ஆள்தான் கிடைத்திருப்பார். அந்த இரண்டு பேரும் எங்கள் வீட்டில் இருந்தார்கள்.

ருஷ்யத்துக்குப் பெரியவாப்பா, என் வாப்பாவின் அண்ணன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, யுத்தத்தில் ஜெர்மன்காரர்களிடம் பிடிபட்டு, கம்பி வேலிக்குள் கிடந்தவர். அடுத்த வேலிக்குள் ருஷ்யக் கைதிகள் இருந்தார்களாம். கோசாவுக்கு மாமா, என் உம்மாவின் தம்பி. கல்யாணமான ஆறாம் மாதம் கப்பலேறி, அடுப்புக்குக் கரி அள்ளிப் போடும் வேலை பார்த்தவர். கப்பல் பழுதாகி, ஆப்பிரிக்காவின் தென்கோடித் துறைமுகம் ஒன்றில் இறக்கிவிடப்பட்டு, யுத்தம் முடியும் வரை மூன்று வருடம் அங்கேயே தங்கிவிட்டார். அந்தப் பக்கத்து மக்கள் பேசுவது கோசா.

பெருநாள் சாப்பாடு முடிந்ததும் மாமாதான் ஆரம்பித்தார்.

“கோசான்னா நாக்காலயே தாளம் போடணும் மச்சான். உங்க ருஷ்யத்த இருமத் தெரிஞ்சவன் பேசிடுவான்.”

“அட போடா. மாடு ஓட்டுற சத்தத்தையெல்லாம் பாஷைங்கிற” என்றார் பெரியவாப்பா.

அவர் சொன்னது முழுப் பொய்யில்லை. கோசா என்ற பெயரின் முதல் எழுத்தே நம் ‘க’ இல்லை. வண்டிக்காரர்கள் மாட்டை விரட்டக் கடைவாய்ப் பக்கம் ‘ட்ளக்’ என்று நாக்கை இழுப்பார்களே, அதுதான்.

தீர்ப்புச் சொல்ல என்னைப் பிடித்தார்கள். எனக்குப் பதினோரு வயது. பிரெஞ்சு, புதிதாக இங்கிலீஷ், ஓதுவதற்கு அரபு, வீட்டில் தமிழ் என்று ஏற்கெனவே நாலு மொழியில் அடி வாங்கியவள். ஆளுக்குப் பத்து வார்த்தை சொல்லிக் கொடுப்பது, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எல்லார் முன்னாலும் நான் ஒப்பிப்பது, எது கடினம் என்று சொல்வது. இதுதான் ஏற்பாடு.

பெரியவாப்பாவின் பத்தில் ரொட்டி, தண்ணீர், குளிர், சகோதரன் எல்லாம் இருந்தன. ‘தாய்’ என்றால் தா. மரியாதையாகக் கேட்டால் ‘தாய்த்தே’. நம் ‘தாங்க’ மாதிரியே வால் முளைக்கிறது என்று நான் துள்ளினேன். மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் விடுவாரா? கோசாவிலும் உண்டு என்றார். ‘யீஸா’ என்றால் வா. பல பேரைக் கூப்பிட்டால் ‘யீஸானி’. மூன்று மொழிக்கும் ஒரே இடத்தில் வால் இருப்பதை உலகத்தில் முதலில் கண்டுபிடித்தது நான்தான் என்று அன்றிரவு நம்பினேன்.

“அந்த ருஷ்யக்காரங்க உங்ககிட்ட தாய்த்தேன்னா பேசுனாங்க?” என்று பெரியவாப்பாவிடம் கேட்டேன்.

“மொத நாளு வேலி வழியா ரொட்டி கேட்டப்ப தாய்த்தேன்னாங்க. அப்புறம் தாய்தான். பழகிட்டாங்கல்ல” என்றவர், அவர்களில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று நான் கேட்டதும் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டார்.

மாமாவின் வார்த்தைகள் எனக்கு அதிகம் பிடித்தன. ‘லாலா’ தூங்கு. ‘தூலா’ அழாதே. ‘உபீசி’ பால். முட்டைக்கு ‘இகாண்டா’, அதன் நடுவில் புட்டி மூடியைப் பிடுங்கினாற்போல் நாக்கு வெடிக்க வேண்டும். ‘ம்ந்தனாம்’ என் பிள்ளை. எல்லாவற்றையும்விட வேடிக்கை, வாப்பாவுக்குத் ‘தாத்தா’ என்று பெயர். சொல்லிக் கொடுக்கும்போது மாமாவின் குரல் தணிந்து, பாட்டுப் போல இழையும். வகுப்பு முடிந்தபின்னும் என்னைப் போகவிடாமல் இன்னொரு தடவை சொல்லச் சொல்வார்.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. ருஷ்யத்தை ஒரு தடுமாற்றத்துடன் கடந்தேன். கோசாவை ஒரு பிழையும் இல்லாமல் முடித்தேன். முட்டை வெடித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். தேநீர்க் குவளைகளோடு நின்ற மாமி மட்டும் சிரிக்கவில்லை. மாமா மாமிக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் என்மேல் மாமிக்குக் கொள்ளைப் பிரியம்.

“தாத்தான்னா என்னம்மா சொன்னே?”

“வாப்பான்னு அர்த்தம் மாமி.”

மாமி மாமாவைப் பார்க்காமல் என்னையே பார்த்துக் கேட்டார். “துறைமுகத்துல கரி அள்ளுறவங்க ஒருத்தருக்கொருத்தர் தூங்கு, அழாதேன்னா சொல்லிக்குவாங்க?”

“சரி சரி, ருஷ்யந்தான் கஷ்டம்னு சொல்லிடு புள்ள” என்று பெரியவாப்பா அவசரமாகச் சொன்னார். நான் நியாயம் தவறாதவள். கோசாதான் என்று தீர்ப்புச் சொன்னேன். ஜெயித்த மாமா தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

மறுநாள் மாமி நாகூரில் இருந்த தன் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போய்விட்டார். என் தீர்ப்பு பிடிக்காமல் போனதாக நினைத்து நான் அழுதேன். எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். முகம் இளைத்திருந்தது. வந்த அன்றே என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, “அந்தப் பத்தையும் எனக்குச் சொல்லிக் குடு” என்றார்.

என்னைவிட மாமி சுறுசுறுப்பு. வெங்காயம் உரித்துக்கொண்டே முட்டையை இரண்டே நாளில் வெடித்துவிட்டார். மூன்றாம் நாள் ஒரு தாளைக் கொடுத்து, ‘யீஸா, ம்ந்தனாம்’ என்று பிரெஞ்சு எழுத்தில் எழுதச் சொன்னார்.

“‘வா, என் பிள்ளை’, அவ்வளவுதானா? வேற ஒண்ணும் வேணாமா மாமி?”

“அது போதும்.”

தாளை மடித்து உறையில் போட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு மாமாவிடம் போனார். “விலாசம் எழுதுங்க” என்றார். மாமா பேனாவை வாங்கினார். உறைமேல் வைத்து வைத்து எடுத்தார், ஓர் எழுத்துகூட விழவில்லை. உலகம் சுற்றியவருக்கு எழுத வரவில்லையே என்று பரிதாபப்பட்டு, “குடுங்க மாமா, நீங்க சொல்லுங்க” என்றேன்.

அவர் எதையும் பார்க்காமல் மனப்பாடமாகச் சொன்னார். நாடு, துறைமுகம், தெரு, வீட்டு எண் என்று கீழிருந்து மேலே வந்தோம். கடைசியாகப் பெயர். மாமா சொன்னது, மாமாவின் வாப்பா பெயர்.

“தப்பு மாமா, அது பாட்டனார் பேரு. அவங்க மவுத்தாயி எவ்வளவு காலமாச்சு! அவங்க காரைக்காலத் தாண்டிப் போனதே இல்லன்னு உம்மா சொல்லுமே” என்றேன்.

மாமா மாமியைப் பார்த்தார்.

“அந்தப் பேருதான். எழுதும்மா” என்றார் மாமி.

பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரே தப்பைச் செய்கிறார்களே, இந்தக் கடிதம் எங்கே போய்ச் சேரப்போகிறது என்று நினைத்துக்கொண்டே, அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.