காகித நிறத்துக்காகச் சண்டை போட்ட சரோஜா

றக்வான தேயிலைத் தோட்டத்திலிருந்து சரோஜாவின் தம்பி போன் எடுத்துச் சொன்னார். "அண்ணே, அக்கா போயிருச்சுங்க. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பல." இரத்தினபுரி அச்சகத்தில் சரோஜாவுடன் வேலை செய்த நீங்கள் எல்லோரும் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். நல்ல பிள்ளை என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். நான் எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

மெஷினில் ஏற்றுவதற்கு முன் வாடிக்கையாளருக்குக் காட்டும் ப்ரூஃப் எடுப்பது சரோஜாவின் வேலை. ப்ரூஃப் தாள் பளீர் வெள்ளை. அச்சு ஓடுவதோ மஞ்சள் கலந்த மலிவுக் காகிதத்தில். அந்த மஞ்சளையும் அளந்து, கம்ப்யூட்டரில் சேர்த்து, ப்ரூஃபிலேயே காட்டிவிடுவார். "மை மட்டும் என்னங்க செய்யும்? கீழ இருக்கிற பேப்பரு எப்படியோ, அப்படித்தான் எல்லா நெறமும் நிக்கும்" என்பார். அச்சடிக்கப்போகும் காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்துப் பக்கத்தில் வைக்காமல் எந்த ப்ரூஃபையும் கொடுக்கமாட்டார். பேப்பருக்கே ஜாதகம் பார்க்கிறார் என்று கேலி செய்வோம். அவரும் சிரிப்பார்.

மாணிக்கக்கல் வியாபாரி ஒருவரின் விளம்பரப் புத்தகம் வந்தது. ஹாஜியார் என்றே அவரை அழைப்போம். சரோஜாவின் ப்ரூஃபில் நீலக்கல் கொஞ்சம் பச்சையடித்தது. அந்தக் காகிதத்தில் அப்படித்தான் வரும். முதலாளி கொதித்தார்.

"இந்த அழுக்கக் காட்டினா மனுசன் அடுத்த கடைக்குப் போயிருவாரு. மஞ்சள எடு."

"எடுத்தா அது பொய்யிங்க, மொதலாளி."

"எடுன்னா எடு."

எடுத்தார். பக்கத்தில் வைத்திருந்த பேப்பர் துண்டை முதலாளியே எடுத்துவிட்டார். ஹாஜியார் வெள்ளை ப்ரூஃபைக் காலை வெளிச்சத்தில் பிடித்து, கல் பார்ப்பது போலவே பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

புத்தகம் அச்சாகி வந்ததும், மடியிலிருந்து ஒரு நீலக்கல்லை எடுத்துப் பச்சையடித்த படத்தின் மேல் வைத்தார். "இதா என்ட கல்லு?" முதலாளி சரோஜாவைக் கை காட்டினார். "இந்தப் புள்ள செஞ்ச பிழை." நீங்கள் சொல்லித்தானே எடுத்தது என்று நான் சொன்னேன். "நீ ஒன் மெஷினப் பாரு" என்றார். அன்றைக்கே சரோஜாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நிறம் தெரியாதவர் என்று பேர் கெட்டுப்போனதால் வேறெந்த அச்சகமும் அவரை எடுக்கவில்லை. தோட்டத்துக்கே திரும்பிக் கொழுந்து பறித்தார்.

சாவு வீட்டுக்கு முதலாளி வந்தார். மரண அறிவித்தலை இலவசமாக அடித்துக் கொடுத்திருந்தார். தோட்டத்து லயன் வீடுகளின் சுவரெல்லாம் அதுதான். சரோஜா நல்ல கறுப்பு. நோட்டீஸில் முகத்தை வெளுக்கவைத்திருந்தார்கள். சரோஜாவின் அம்மா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "இது யாருங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் இன்னும் அதே மெஷினில்தான் நிற்கிறேன். சரோஜாவின் பழக்கத்தை ஒரு கேள்வியாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ப்ரூஃபுக்கும் முதலாளியின் முன்னாலேயே கேட்கிறேன்: "பேப்பர் துண்டு எங்க?" அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.