அடுத்த வீட்டுப் பாட்டு

மகளோடு கச்சேரிக்குப் போயிருந்தேன். வயலினும் பியானோவும் அந்தச் செக் நாட்டு இசையைத் தொடங்கியதும், கடைசி வரிசையில் எழுந்து நின்றுவிட்டேன்.

சின்ன வயதில், நாங்கள் நாடுவிட்டு வந்து குடியேறிய நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், எங்கள் அடுத்த வீட்டுச் செக் தம்பதி மாலைகளில் அதை வாசிப்பார்கள். "எங்கள் நாட்டுப் பாட்டு" என்று அந்த மனிதர் சொன்னதை அப்பா தேசிய கீதம் என்றே எடுத்துக்கொண்டார். சுவர் வழியே அது கேட்டால், புட்டுக் கோப்பையும் கையுமாக எங்களை எழும்பி நிற்க வைப்பார். அம்மாவுக்குப் புட்டு ஆறுவதுதான் கவலை.

கீதம் இல்லை என்று பிறகு தெரிந்தது. அப்பா அப்போதும் நின்றார்.

"இனி ஏன் அப்பா?"

"அவையளும் நாட்டை விட்டிட்டு வந்த சனம், பிள்ளை. இருந்துகொண்டு கேக்கேலாது, எழும்பி நிக்கோணும்."

"அப்ப எங்கட பாட்டு எது?"

பாட்டு முடிந்த பிறகுதான் அப்பா ஆறிய புட்டைச் சாப்பிட உட்கார்ந்தார்.

கச்சேரியில் மகள் என் கையை இழுத்தாள். "இருங்கோ அம்மா, எல்லாரும் பாக்கினம். இது என்ன தேசிய கீதமா?"

"இல்லை" என்றேன். முடியும்வரை நின்றேன்.