இருவாச்சியைப் பற்றிக் கேட்டவர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கள்ளக்குறிச்சிப் பக்கம் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராகக் காலம் தள்ளியவன். செத்தது செத்ததுதான் என்று கையால் தொட்டுத் தெரிந்துகொண்டவன். எங்கள் இயற்கைக் கழகத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பறவைகளைப் பற்றிப் பேசுவேன். ஆந்தை அலறினால் சாவு என்பவர்களை மேடையிலேயே கிண்டலடிப்பேன். அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபமில்லை. நம்பினால் நம்புங்கள், இது நடந்தது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம். சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள், பஸ் கிடையாது, கடை கிடையாது, மரம் வெட்டியவர்களைத் தேடிப் போலீஸ் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதானா கச்சிராயபாளையத்தில் என் பேச்சு இருக்க வேண்டும்! ஒரே ஒரு ஆள் வந்தாலும் சொன்ன நேரத்தில் பேசியே ஆக வேண்டும் என்பது எங்கள் கழகத்துக் கட்டுப்பாடு. அதை எழுதி வைத்த மேதாவியும் நானேதான். கழகத்துச் செயலாளர் ஜெயவேலு, உரக்கடை வைத்திருப்பவர், திட்டிக்கொண்டே என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றினார். மரம் கிடந்த இடத்திலெல்லாம் இறங்கி, வண்டியை வயலுக்குள் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

கூடத்தில் ஈ காக்கை இல்லை. நாலு மணிக்கு ஒரே ஒரு ஆள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முப்பது வயதிருக்கும், பச்சைக் கட்டம் போட்ட சட்டை, கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வேலைக்கு இறங்கியவர் என்று ஜெயவேலு கேட்டதற்குச் சொன்னார். ஜெயவேலு டீ கிளாசை நீட்டினார், அவர் வாங்கவில்லை. நான் மட்டும் பார்த்திருந்தால் கண் மயக்கம் என்று விட்டிருப்பேன். ஜெயவேலுவும் பார்த்தார், இன்றைக்கும் அந்த உரக்கடையில்தான் இருக்கிறார், போய்க் கேளுங்கள்.

மின்சாரம் இல்லாததால் கரும்பலகையில் சாக்கட்டியால் இருவாச்சிப் பறவையை வரைந்து ஆரம்பித்தேன். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும், ஒரு சின்னச் சந்து மட்டும் விட்டிருக்கும், ஆண்தான் அது வழியாக இரை ஊட்டும் என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“சார், வெளிய போன ஆம்பள திரும்பலன்னா உள்ள இருக்கறது இன்னா ஆவும்ங்க?”

நல்ல கேள்வி வந்த சந்தோஷம் எனக்கு. “பட்டினிதான். குஞ்சும் சேந்து செத்துப்போவும்.”

“யாராச்சும் வெளியிலருந்து ஒடச்சி வுட்டா?”

“அந்த வேலையே கூடாது! கூட்டுல மனுசன் கை படக்கூடாது.”

அவர் முகம் சுண்டிப்போனது. “இல்லீங்க சார், ஒடைக்கணும்ங்க. எங்க வூட்ல...” என்று ஏதோ ஆரம்பித்தார். நான் எங்கே விட்டேன்? “வூட்டுக் கதை அப்புறம். கூடு எங்க இருக்குது, அதச் சொல்லுங்க” என்று அதட்டினேன். அவர் என்னையே பார்த்தார். “டேம் தாண்டி மலையடிவாரத்துக் கரும்புக்காடு, மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால. இன்னிக்கே வாங்க சார்” என்று கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. அது இருவாச்சி கூடு வைக்கிற மாதமே இல்லை. காலம் தப்பிய கூடு, அதுவும் கரும்புக்காட்டில்! “யோவ் கம்பவுண்டரே, பொழுது சாயறதுக்குள்ள வூடு போய்ச் சேரணும்யா” என்று ஜெயவேலு கத்தினார். நான் கேட்கவில்லை. வழிகாட்ட அந்த ஆளைத் தேடினோம், தெருவில் காணோம். நாங்களே போனோம்.

அங்கே பொந்துள்ள மரம் ஒன்றுகூட இல்லை. மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மண்சுவர் வீடு இருந்தது, வெளியே பூட்டு. ஏமாந்த எரிச்சலில் அந்த ஆளைத் திட்டிக்கொண்டே திரும்பினேன். அப்போது உள்ளே பூனைக்குட்டி போல ஏதோ சிணுங்கியது. ஜெயவேலு என் கையைப் பிடித்தார். “கொழந்தைய்யா அது.”

கல்லால் பூட்டை உடைத்தோம். உள்ளே ஒரு சின்ன வயசுப் பெண், உடம்பு அனலாகக் கொதித்தது, மார்போடு கைக்குழந்தை. கரும்பு வண்டி ஒன்றைப் பிடித்து, வயல் வழியாகவே ஓட்டி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு உயிரும் பிழைத்தன. ஒரு நாள் தாமதித்திருந்தால் தாய் போயிருப்பாள் என்றார் டாக்டர். வீட்டுக் கதை அப்புறம் என்று நான் சொன்னது நினைவுக்கு வந்து, அவமானத்தில் தலையை நிமிர்த்த முடியவில்லை.

மறுநாள் அவளுக்குக் கொஞ்சம் தெளிந்தது. ஆள் இருப்பது தெரிந்தால் போலீஸ் வந்து விசாரிக்கும் என்று பயந்து, புருஷன் வெளியே பூட்டிவிட்டு வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் மருந்து வாங்கப் போனாராம். இதைக் கேட்ட ஆஸ்பத்திரி ஊழியர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுப் பிணவறைக்கு அழைத்துப் போனார். பச்சைக் கட்டம் போட்ட சட்டை. அதே முகம். வெள்ளிக்கிழமை காலை, பாதி வெட்டிவிட்டுப் போயிருந்த புளியமரம் காற்றில் சாய்ந்து அவர்மேல் விழுந்ததாம், யாரென்று தெரியாமல் கிடந்தாராம். “நேத்து இவருக்குத்தான்யா டீ நீட்டினேன்” என்றார் ஜெயவேலு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நான் யாரை அதட்டினேன்?

அவளிடம் எப்படிச் சொல்வது என்று புரியாமல் திரும்பி வந்தோம். நர்ஸ் அவளிடம், ரெண்டு நாள் பச்சைத் தண்ணி இல்லாம எப்படிம்மா தாங்கினே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“இன்னாங்க இப்பிடிக் கேக்கறீங்க? அவருதான் வந்து வந்து குடுத்துக்கினு இருந்தாரே. சாவி தொலஞ்சி பூடுச்சின்னு சன்னல்ல கைய வுட்டுக் கஞ்சி குடுத்தாரு. சாமை அரிசிக் கஞ்சி. நேத்து மத்தியானங்கூட குடுத்தாரு” என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: “அவரு ஒண்ணும் குடிச்சிருக்க மாட்டாரு சார். பாதி அவருக்குன்னு வூட்ல சொம்புல வெச்சிருக்கறேன். வந்தார்னா எடுத்துக் குடுங்க.”

காய்ச்சல் பிதற்றல் என்றுதான் ஜெயவேலு இன்றுவரை சாதிக்கிறார். இருக்கட்டும். ஆனால் பூட்டை உடைத்து உள்ளே போனபோது, அவளைத் தூக்குவதற்காக அந்தச் சொம்பை ஓரமாக நகர்த்தினவன் நான். அடுப்பில் சாம்பல் சில்லிட்டுக் கிடந்தது. சொம்பு என் கையைச் சுட்டது.